வலி நமக்கு, வாய் வேன் அக்காவுக்கு

வேன் அக்காவோடு கடைக்குப் போனால் நாம் வாயைத் திறக்க வேண்டியதில்லை. "என்ன வேணும்மா?" என்று கடைக்காரர் என்னைப் பார்த்துத்தான் கேட்பார். "அவளுக்கு உளுந்து ஒரு கிலோ. பழசு வேணாம். போன தடவை வடை கல்லு மாதிரி வந்துச்சாம்" என்று பக்கத்திலிருந்து பதில் வரும். வடை கல்லு மாதிரி வந்தது உண்மைதான். ஆனால் அதை நான் அவரிடம் சொன்னதே இல்லை.

ஈப்போவின் ஓரத்தில், தோட்டத்து லய வீடுகளைக் காலி செய்துவிட்டு வந்த குடும்பங்கள் அதிகமாக வாழும் தாமான், அதாவது குடியிருப்பு, எங்களுடையது. சமையலறை ஜன்னலைத் திறந்தால் சுண்ணாம்புக் குன்று தெரியும், வாசலைத் திறந்தால் வேன் அக்காவின் பள்ளிக்கூட வேன் தெரியும். அவருடைய பெயரை ஒரே ஒரு முறை அவர் அடையாள அட்டையான ஐசியில் பார்த்திருக்கிறேன். இங்கே எழுதினால், "என்னைக் கேக்காம எப்படி எழுதுனே?" என்று சண்டைக்கு வருவார். எழுதாவிட்டால் அவரே எல்லாருக்கும் சொல்லிவிடுவார். ஆகவே வேன் அக்கா என்றே இருக்கட்டும். என் அம்மாவும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவார். அவரும் அம்மாவை அக்கா என்பார். இரண்டு பேரில் யார் மூத்தவர் என்ற விசாரணைக்கு இருவருமே இடம் கொடுக்கவில்லை.

இருபது வருஷமாகப் பிள்ளைகளை ஏற்றி இறக்கி, "இவன் நேத்து வாந்தி எடுத்தான் டீச்சர்", "இவ கணக்கு செஞ்சிட்டா, நோட்டைத்தான் விட்டுட்டு வந்துட்டா" என்று வாசலிலேயே பதில் சொல்லிச் சொல்லி அவருக்கு அது கைவந்துவிட்டது. வளர்ந்தவர்களையும் அவர் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளாகவே நினைத்தார். காலை ஏழரைக்குப் பிள்ளைகளை இறக்கிவிட்டால் பகல் பன்னிரண்டரை வரை வேன் சும்மா நிற்கும். அந்த ஐந்து மணி நேரத்துக்குள் உடம்புக்கு வருவதுதான் எங்கள் தாமானில் புத்திசாலித்தனம். வேன் வீட்டு வாசலுக்கே வந்துவிடும். பத்து நிமிஷத்தில் அவசர சிகிச்சை மையம்.

வேன் வாசலுக்கு வரும், ஆனால் உடனே கிளம்பாது. முதலில் கேட்டருகே விசாரணை நடக்கும்.

"ஐசி எங்க? இப்ப சாப்பிடுற மருந்து எங்க? வெள்ளை மாத்திரைன்னு சொன்னா அங்க அம்பது வெள்ளை மாத்திரை இருக்கு. பொட்டியோட எடு. எந்த மருந்துக்காவது உடம்பு தடிச்சிருக்கா? நாட்டு மருந்து எதுவும் குடிச்சியா? குடிச்சிருந்தா இப்ப சொல்லிடு, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

மையத்துக்குப் போய்க் கவுண்டரில் நின்றதும் அவர் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை அந்த நாட்டு மருந்தாகத்தான் இருக்கும்.

ஒரு தடவை புல் வெட்டும்போது காலில் வெட்டுப்பட்ட பெரியவர் ஒருவரைக் கொண்டுபோக வேண்டியிருந்தது. அவரோடு மனைவி, இரண்டு மகன்கள், மருமகள், மைத்துனர், மைத்துனரை மோட்டாரில் கொண்டுவந்து விட்டவர் என்று எல்லாரும் வேனில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். பெரியவருக்குத்தான் இடமில்லை.

"எல்லாம் இறங்குங்க. நோயாளி ஒன்னு, கூட ஆள் ஒன்னு. அவ்வளவுதான் உள்ள விடுவாங்க. கூட்டமா போய்ச் சாப்பிட்டு வர இது என்ன கெண்டூரியா?"

யார் அந்த ஒருவர் என்று பெரிய தகராறாகிவிட்டது. மூத்த மகன் தான்தான் என்றான். மனைவி விட்டுக்கொடுக்கவில்லை. வேன் அக்கா எல்லாரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு மருமகளைக் கைகாட்டினார். "நீ ஏறு. நீ ஒருத்திதான் அழல."

வேன் முன்பெட்டியில் கோடாலித் தைலத்துக்குப் பக்கத்தில் நகப்பூச்சை அழிக்கும் திரவமும் பஞ்சும் எப்போதும் இருக்கும். விரலில் கிளிப் மாட்டி மூச்சுக்காற்றின் அளவு பார்ப்பார்களாம், நகப்பூச்சு இருந்தால் மெஷின் சரியாகக் காட்டாதாம். கல்யாணத்தன்று காலையில் சாப்பிடாமல் மயங்கி விழுந்த ஒரு மணப்பெண்ணைக் கொண்டுபோனபோது, சிவப்பு விளக்கில் வேன் நின்ற நேரத்தில் திரும்பி உட்கார்ந்து அவள் வலது சுட்டுவிரலை மட்டும் துடைத்துவிட்டார். பெண்ணுக்கு ஒன்றுமில்லை. இனிப்பாகக் குடிக்கக் கொடுத்து, கொஞ்ச நேரம் படுக்கவைத்து அனுப்பிவிட்டார்கள். முகூர்த்தமும் தவறவில்லை. அந்தக் கல்யாண ஆல்பத்தை இன்றைக்குப் புரட்டினாலும் ஒன்பது விரல்கள் சிவப்பாகவும் ஒன்று வெளுத்தும் இருக்கும்.

மையத்தின் கூடத்தில் அவர் உட்கார்ந்தால் அங்கே வேலை பார்ப்பவர் போலவே இருப்பார். கவுண்டரில் நோயாளிகளை முதலில் விசாரித்துச் சீட்டு கொடுக்கும் மலாய்க்காரரை நாங்கள் தோட்டத்துப் பழக்கத்தில் டிரெசர் என்போம், நேரில் ஐயா என்பதற்கு மலாயில் என்சிக் என்போம். அவர் கொடுக்கும் சீட்டின் நிறத்தைப் பார்த்ததுமே வேன் அக்கா ஆளுக்கு ஆள் விளக்கம் சொல்வார். "பச்சை கிடைச்சா ஒரு கும்பிடு போட்டுட்டு உக்காரு. நேரமாகும், ஆனா சாக மாட்டே. மஞ்சள்னா சீக்கிரம் கூப்பிடுவாங்க. சிவப்புக்கு நாற்காலியே கிடையாது, நேரா உள்ளதான்."

கால் விரலை இடித்துக்கொண்டு வந்த ஓர் ஆள், தான் ஒன்பது மணிக்கே வந்ததாகவும் பத்து மணிக்கு வந்தவன் எப்படி முதலில் போகலாம் என்றும் கூச்சல் போட்டார்.

"அண்ணே, இது பேங்க் இல்ல லா, வந்த வரிசையில கூப்பிட. மூச்சு விட முடியாதவன் எப்ப வந்தாலும் முதல்ல போவான். நீங்க இவ்வளவு சத்தம் போடுறீங்கன்னா உங்க மூச்சு நல்லாத்தான் இருக்கு" என்றார் வேன் அக்கா. கூடமே சிரித்தது. அந்த ஆளும் கடைசியில் சிரித்துவிட்டார்.

எல்லாருக்கும் அப்படிச் சிரிக்க முடிந்ததில்லை. எங்கள் தெருவில் ஒரு மெக்கானிக் அண்ணன் இருந்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தவரிடம் டிரெசர் தாழ்ந்த குரலில் என்ன பிரச்சினை என்று கேட்டார். மெக்கானிக் அண்ணனும் தாழ்ந்த குரலில் சொல்லத்தான் குனிந்தார். அதற்குள், "மூணு நாளா போகல, என்சிக்! மூணு நாளு!" என்று மலாயில் அறிவிப்பு வந்துவிட்டது. மூன்று விரலை உயர்த்திக் காட்டியதால் மலாய் தெரியாதவர்களுக்கும் புரிந்தது. மருந்தை வாங்கிக்கொண்ட மெக்கானிக் அண்ணன் வேனில் ஏற மறுத்து வெயிலில் நடந்தே வீட்டுக்குப் போனார். நடந்ததில்தான் அவருக்குச் சரியாயிற்று என்று வேன் அக்கா ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

நானும் இதையெல்லாம் சிரித்துக்கொண்டே மற்றவர்களுக்குச் சொல்லித் திரிந்தவள்தான், என் அம்மாவுக்கு வரும்வரைக்கும்.

அம்மா ஓர் அலுவலகக் கட்டடத்தில் துப்புரவு வேலை பார்த்தார். நான்கு மாடி. அதிகம் பேச மாட்டார். வெள்ளிக்கிழமை விரதம் இருப்பார். அன்றைக்கு வெள்ளி, லீவு போட்டிருந்தார். காலை பத்து மணிவாக்கில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர் பாதியில் வாளியை வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தார். முகமெல்லாம் வேர்வை.

"நெஞ்சைப் போட்டுக் கரிக்குது" என்றார். தாடையையும் தேய்த்துக்கொண்டார். பல்வலியும் சேர்ந்துகொண்டதோ என்று நினைத்தேன்.

நான் கூப்பிடுவதற்குள் வேன் அக்கா வந்து நின்றார். அம்மாவை ஒரு தடவை பார்த்தார். "இது கேஸ்ட்ரிக். பசியாறாம வெயில்ல நின்னா கரிக்காம என்ன செய்யும்? வாங்கக்கா, போலாம்."

எனக்கு அப்பாடா என்றிருந்தது. கேஸ்ட்ரிக் என்றால் ஒரு பாட்டில் வெள்ளை மருந்து, மத்தியானத்துக்குள் வீடு. நான் ரசம் வைக்கலாமா என்றுகூட வேனில் யோசித்துக்கொண்டு போனேன்.

கவுண்டரில் டிரெசர் அம்மாவைப் பார்த்து என்ன செய்கிறது என்று கேட்டார்.

"கேஸ்ட்ரிக், என்சிக். இன்னைக்கு விரதம்" என்றார் வேன் அக்கா.

எப்போதிருந்து?

"இப்பதான்."

முன்பு வந்திருக்கிறதா?

"இல்ல, இல்ல."

அம்மா தலையாட்டினார். நானும் ஆட்டினேன். பச்சைச் சீட்டு வந்தது. நாங்கள் போய் உட்கார்ந்தோம். அடுத்து நின்றவரை விசாரித்துக்கொண்டே டிரெசர் இரண்டு தடவை அம்மா பக்கம் பார்த்தார். மூன்றாம் தடவை கவுண்டரை விட்டு எழுந்து வந்து அம்மாவின் முன்னால் குந்தி உட்கார்ந்தார். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, எங்கே வலிக்கிறது என்று மறுபடி கேட்டார்.

"அதான் என்சிக், கேஸ்ட்ரிக்கு..." என்று வேன் அக்கா ஆரம்பித்தார்.

டிரெசர் திரும்பிப் பார்க்காமலே உள்ளங்கையை உயர்த்தினார். "அக்கா, கொஞ்சம் பொறுங்க. அவங்களே சொல்லட்டும்" என்றார் மலாயில். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் வேன் அக்காவின் பேச்சைப் பாதியில் ஒருவர் நிறுத்தி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அம்மா வேன் அக்காவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். அலுவலகத்தில் கற்றுக்கொண்ட மலாயில், "சினி சாக்கிட்" என்றார். இங்கே வலிக்கிறது. விரலால் காட்டாமல் முழு உள்ளங்கையையும் நெஞ்சில் வைத்து அழுத்தினார். அங்கிருந்து கையைத் தாடைவரை கொண்டுபோனார். பிறகு இடது தோளிலிருந்து முழங்கைவரை தடவிக் காட்டினார்.

"எப்போதிருந்து?"

"செவ்வாய்க்கிழமை. படி ஏறும்போது. நின்னா விட்டுரும். இன்னைக்கு விடல."

செவ்வாய், புதன், வியாழன். மூன்று நாளும் நான் அதே வீட்டில்தான் இருந்தேன். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

டிரெசர் கையைக் காட்டியதும் சக்கர நாற்காலி வந்தது. ஒரு நர்ஸ் மிஸி பச்சைச் சீட்டை அம்மா கையிலிருந்து வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நாற்காலியைத் தள்ளினார். கதவு திறந்தது, மூடியது. கதவில் சிவப்புக் கோடு இருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

அம்மாவின் செருப்பு ஒன்று வழியில் கழன்று விழுந்திருந்தது. வேன் அக்கா அதை எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். நான் ஏதாவது சொல்வேன் என்று பார்த்தார். நான் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து டிரெசர் வந்து, மாரடைப்புதான், ஆம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறோம், நேரத்தோடு வந்துவிட்டீர்கள் என்றார். போகும்போது வேன் அக்காவிடம் தனியாக ஒன்று சொன்னார். அப்போது அது எனக்குக் கேட்கவில்லை.

மணி பன்னிரண்டாகிவிட்டது. வேன் அக்கா கடிகாரத்தைப் பார்த்தார். "பிள்ளைங்க வந்து நிப்பாங்க" என்றார். பிறகு, "நான் போவட்டா?" என்று கேட்டார். 'நான் போறேன்', 'நீ வா', 'அவ இருக்கட்டும்' என்றே பேசிப் பழகிய மனுஷி, என்னிடம் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார். போங்கக்கா என்றேன். செருப்பை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அன்று மத்தியானம் வேன் ரொம்ப அமைதியாக இருந்ததாம். பயந்துபோய் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று அழுதேவிட்டதாம்.

அம்மாவுக்கு அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வைத்தார்கள். பிழைத்துக்கொண்டார். வேன் அக்கா முதல் நான்கு நாளும் வார்டுக்கு வரவில்லை. உப்புக் குறைத்த கஞ்சியை என் கையில் கொடுத்தனுப்பினார், அவ்வளவுதான். "அக்கா ஏன் வரல?" என்று அம்மா தினமும் கேட்டார். ஐந்தாம் நாள், "அம்மா கூப்பிடுறாங்க" என்று சொல்லிக் கையோடு அழைத்துப் போனேன்.

கட்டிலின் கால்மாட்டில் போய் நின்றார். "நாற்காலி இருக்கு, உக்காருக்கா" என்றார் அம்மா. உட்காரவில்லை.

"என்னை மன்னிச்சிடுங்கக்கா. என் வாயி சும்மா இருந்திருந்தா அப்பவே உள்ள கொண்டுபோயிருப்பாங்க."

அம்மா விரிப்பின் ஓரத்தை மடித்துக்கொண்டே சொன்னார்.

"எனக்குச் செவ்வாக்கிழமையே தெரியும். எங்க அண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. பயமா இருந்துச்சு. நீ கேஸ்ட்ரிக்னு சொன்னியா, எனக்கு நல்லா இருந்துச்சு. சரி, கேஸ்ட்ரிக்காவே இருந்துட்டுப் போகட்டும்னு தலையாட்டிட்டேன். நான் வாயத் தொறந்தா அது வேற ஒன்னா ஆயிடும்."

வேன் அக்கா அதைக் கொஞ்சம் மென்று விழுங்கினார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அப்ப நாம ரெண்டு பேரும் சேர்ந்துதான் அந்த டிரெசரை ஏமாத்தியிருக்கோம்" என்றார். என் பக்கம் திரும்பினார். "இந்தா நிக்கிறாளே, இவளும்தான் தலையாட்டுனா."

அம்மா சிரித்தார். சிரிக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அதைப் பார்த்து நாங்கள் இருவரும் எழுந்துவிட்டோம். "ஒன்னும் இல்ல" என்று வழக்கம்போல ஆரம்பித்த அம்மா நிறுத்திக்கொண்டார். "லேசா வலிக்குது. மிஸியக் கூப்பிடு" என்றார்.

அன்று டிரெசர் அவரிடம் தனியாகச் சொன்னதை வேன் அக்காவே பிறகு தாமான் முழுக்கச் சொன்னார். நெஞ்சு வலி என்று யாராவது சொன்னால் வேனைத் தொடாதே, ஆம்புலன்ஸைக் கூப்பிடு. "வழியில நெஞ்சு நின்னுட்டா என்ன செய்வீங்க அக்கா, ஹாரன் அடிப்பீங்களான்னு கேட்டாரு. நானு ஒன்னும் பேசல" என்பார். ஒன்றும் பேசாமல் இருந்ததை அரை மணி நேரம் பேசுவார்.

கவுண்டரில் மட்டும் மாறினார். உள்ளே நுழையுமுன் உப்பும் புளிப்புமான ஆசாம் பழம் ஒன்றை வாயில் போட்டு அடக்கிக்கொள்வார். டிரெசர் கேள்வி கேட்பார், நோயாளி பதில் சொல்வார், வேன் அக்கா கன்னம் உப்பிப்போய் நிற்பார். வாய் சும்மா இருந்தாலும் தலை சும்மா இருக்காது. "இரண்டு நாளா" என்று நோயாளி சொன்னால் இல்லை என்று தலை ஆடும். ஒரு தடவை டிரெசர் அவரைச் சுவர்ப்பக்கம் திரும்பி நிற்கச் சொன்னார். நின்றார். கடையில் மட்டும் எந்த மாற்றமும் இல்லை. என் உளுந்து கடைசிவரை அவர் பொறுப்பிலேயே இருந்தது.

இப்போது வேன் அக்கா பாரிட் புந்தார் ஊரில் மகள் வீட்டில் இருக்கிறார். வேனை விற்றுவிட்டார். அங்கே மருமகன் வாயைத் திறந்து நாளாகியிருக்கும் என்று நினைக்கிறேன். அவர் கிளம்புவதற்கு முந்தின மாதம் எனக்குக் கணுக்கால் பிசகி, அந்த வேனில் கடைசியாக ஏறினேன். அன்று வேனில் இன்னொருவரும் இருந்தார். முச்சந்தியில் உள்ள முடிவெட்டும் கடையில் வேலை பார்ப்பவர், தமிழ்நாட்டிலிருந்து வந்தவர், முப்பது வயதிருக்கும். நல்ல காய்ச்சல். கண் சிவந்து கிடந்தது. பாஸ்போர்ட்டை மட்டும் நெஞ்சோடு பிடித்திருந்தார்.

அவருக்கு மலாய் வராது. டிரெசருக்குத் தமிழ் வராது. டிரெசர் இவரைப் பார்த்தார், பிறகு வேன் அக்காவைப் பார்த்தார். "சரி அக்கா, இன்னைக்குப் பேசுங்க. ஆனா அவர் சொல்றதை மட்டும்" என்றார். வேன் அக்கா ஆசாம் பழத்தைத் தாளில் துப்பிவிட்டு நிமிர்ந்து நின்றார்.

"என்ன செய்யுது தம்பி? எதையும் விடாம சொல்லு. நீ சொல்றத அப்படியே சொல்லுவேன்."

"தலை வலிக்குதுங்க. கண்ணுக்குப் பின்னாடி குத்துது. எலும்பெல்லாம் நோவு. சோறு இறங்கல." பாஸ்போர்ட்டை இறுக்கிப் பிடித்தார். "அம்மாவப் பாக்கணும் போல இருக்குதுங்க."

வேன் அக்கா ஒவ்வொன்றாக மலாயில் சொன்னார். தலை, கண், எலும்பு, சோறு. அம்மாவையும் சொன்னார். எழுதிக்கொண்டே வந்த டிரெசரின் பேனா நின்றது.

"எத்தனை நாளா?" என்று கேட்டார். காய்ச்சலைத்தான் கேட்டிருப்பார்.

"எத்தனை நாளாப்பா?" என்றார் வேன் அக்கா.

"மூணு வருஷமாங்க."

வேன் அக்கா திரும்பி, "தீகா தாஹுன்" என்றார். மூன்று வருஷம். கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

காய்ச்சல் நாலு நாள் என்பது பிறகுதான் தெரிந்தது. டெங்கியாக இருக்கலாம், ரத்தம் எடுக்க வேண்டும் என்று மஞ்சள் சீட்டு கொடுத்து உட்காரச் சொன்னார்கள். வேன் அக்கா அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கைப்பேசியைக் கேட்டு வாங்கி, அவர் காட்டிய எண்ணை வீடியோவில் அழைத்தார். தலையில் துண்டோடு ஓர் அம்மா திரையில் வந்தார். பின்னால் கோழி கூவியது. அறியாத முகத்தைப் பார்த்ததும் அந்த அம்மாவுக்குப் பதறிவிட்டது.

"யாருங்க நீங்க? எம்புள்ள எங்க? அவனுக்கு என்ன?"

வேன் அக்காவின் வாய் திறந்தது. கண்ணுக்குப் பின்னால் குத்துவதிலிருந்து டெங்கிவரைக்கும் நாலே மூச்சில் சொல்லிவிடக்கூடிய வாய் அது. நான் காலை நீட்டிக்கொண்டு அதற்காகவே காத்திருந்தேன்.

அவர் கைப்பேசியை அந்தத் தம்பியின் பக்கம் திருப்பிக் கையில் கொடுத்தார். "நீயே சொல்லு" என்றார். எழுந்து வந்து எனக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்து, என் வீங்கிய காலைப் பார்ப்பதுபோல முகத்தை இந்தப் பக்கம் வைத்துக்கொண்டார்.

அந்தத் தம்பி கைப்பேசியை இரண்டு கையாலும் பிடித்து முகத்துக்கு நேராக உயர்த்தினார்.

"காய்ச்சல்மா" என்றார் பிறகு.